பேரைக் கேட்காத டீச்சர்

"பேரச் சொல்லாதீங்கக்கா. பொருளைக் காட்டுங்க."

எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. எனக்கு முன்பின் தெரியாத பொம்பளை, வேலைக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே என்னை அக்கா என்று கூப்பிட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம். பேச்சை மறித்ததில் ஒரு கோபம். இரண்டும் ஒன்றாக வந்தது.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். காலையில் ஏழு மணிக்குக் கேட்டைத் திறந்தால், முதலில் கக்கூசுக்குப் பின்பக்கம்தான் போவேன். மதிலுக்கு அந்தப் பக்கம் செராமிக் பட்டறைகள். உடைந்த ஃபியூஸ் கட்டை, கையில்லாத பொம்மை, வெந்தும் வேகாத அகல் விளக்கு எல்லாவற்றையும் மதிலோரம் கொட்டி வைத்திருப்பார்கள். பாதி எங்கள் பக்கம் சரிந்து கிடக்கும். அந்த வெள்ளைச் சில்லுகளுக்கு நடுவில் இன்னொரு வெள்ளையும் கிடக்கும். உதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிக்கொள்கிற புகையிலைப் பொட்டலம், விரல் நகம் அளவு. கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. காலுக்குத் தெரியும். பீங்கான் சில்லு குத்தும், இது குத்தாது.

யார் துப்பிப் போட்டது என்பதும் எனக்குத் தெரியும். துடைப்பம் பிடிக்கிறவளுக்கு முன்னால் பிள்ளைகள் எதையும் மறைக்க மாட்டார்கள். நம்மை ஒரு ஆளாகவே நினைப்பதில்லையே. முன்னால் இருந்த தலைமையாசிரியர்கள் எல்லாம் என்னிடம் பேர்தான் கேட்டார்கள். நானும் சொன்னேன். பெற்றவர்களைக் கூப்பிட்டு, திட்டி, டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளைகள் போனார்கள். பொட்டலம் போகவில்லை. மறுநாள் காலையில் என் காலுக்குக் கீழே அதே மெத்து.

அதனால்தான் புது டீச்சர் வந்த அன்றைக்கே மூன்று பிள்ளைகளின் பேரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்றுவிட்டார். போய் முறத்தைக் கொண்டுவந்தேன். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு ஈர்க்குச்சியை ஒடித்துக் குப்பையைக் கிளறிப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் என் முறத்துக்குள் எட்டிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். பார்த்துவிட்டு, "ஆவட்டும்" என்றார்.

ஆவட்டும் என்பது அவருடைய பெருமூச்சு. சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கால் எப்போதும் வீங்கியே இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிடுவார். எழுந்திருக்கும்போது கால் விரலாலேயே செருப்பைத் தேடுவார். அதற்குள் இன்னொரு ஆள் வந்து நிற்கும். ஆவட்டும் என்று மறுபடியும் உட்கார்ந்துவிடுவார். அவர் முழுசாக ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சுறுசுறுப்பாக இருந்தும் பார்த்ததில்லை. களைத்தபடியே எல்லா வேலையையும் செய்து முடிக்கிற ஜாதி.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் மூன்றாவது தாண்டாதவள். வேலையில் சேர்ந்த அன்றைக்கு எழுத்தர் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டு அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். என் தெருவில் என் வயசுப் பொம்பளைகளில் கைநாட்டு வைக்காதவள் நான் ஒருத்திதான். தினமும் வருகைப் பதிவேட்டில், ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் போடுவேன். பின்னால் நிற்கிற வாத்தியார்கள் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஜாடி வந்தது அந்த வருஷம் மழைக்காலத்தில். ஒரு பட்டறையில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். முழங்கால் உயர ஊறுகாய் ஜாடி. ஒரு பக்கம் மெருகு ஒட்டாமல் சொரசொரவென்று போய்விட்டதால் விலைக்குப் போகாதது. மூடி இருந்தது. அதைக் குடிதண்ணீர்க் குழாய்க்கும் கக்கூசுக்கும் நடுவில் இருந்த சந்தில் வைக்கச் சொன்னார். மறுநாள் காலை வணக்கத்தில் பிள்ளைகளிடம் பேசினார்.

"பையில, பாக்கெட்டுல, பென்சில் டப்பாவுல என்னா இருந்தாலும் அதுல போடலாம். யாரும் பாக்க மாட்டாங்க. யாரும் கேக்க மாட்டாங்க. போட்டுட்டு கிளாசுக்குப் போங்க."

என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, நீங்களும் அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கணும்" என்றார்.

"நான் எங்க டீச்சர் திருப்பறது? என் வேலையே அங்கதான்."

"கூட்டுங்க. பாக்காம கூட்டுங்க."

பார்க்காமல் கூட்டினால் குப்பை எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். 

வெள்ளிக்கிழமை தோறும் ஜாடியை அவர் முன்னால் கவிழ்ப்பேன். முதல் வாரம் புளியங்கொட்டை, மாங்கொட்டை, ஒரு செத்த பல்லி. கணக்கு வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்தான் பெரிய டீச்சருக்கு அடுத்தபடி. "பெரிய டீச்சர் ஊறுகா போடறாங்க. நல்லா ஊறட்டும்" என்றார். டீச்சர் பல்லியை மட்டும் தனியாக ஒதுக்கிவிட்டு, "ஆவட்டும். கூச்சம் தெளியட்டும்" என்றார். நாலாவது வாரம் ஒரு பொட்டலம் விழுந்தது, பிரிக்காதது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஏதாவது இருந்தது. போதைக்கு மோந்து பார்க்கிற பஞ்சர் பசை டியூப் ஒன்று, பாதி பீடி, ஒருமுறை காகிதத்தில் மடித்த கஞ்சா இலை.  அன்றிலிருந்து வாத்தியார்கள் யாரும் பல்லியைப் பற்றிப் பேசவில்லை.

உறுதிமொழி நாள் வந்தால் எல்லாப் பள்ளியிலும் போல எங்கள் பள்ளியிலும் பேனர் கட்டுவார்கள். பிள்ளைகள் வலது கையை நீட்டிக்கொண்டு, போதையைத் தொடமாட்டோம் என்று ஒரே குரலில் சொல்வார்கள். மண்டையோடு வரைந்தவர்களுக்குப் பரிசு. கடைத்தெரு வரைக்கும் ஊர்வலம். அது முடிந்து வந்து டீச்சர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உறுதிமொழி சொன்னா நாக்கு சுத்தமாவும்கா. உதட்டுக்கு உள்ளாற ஆவாது."

கேட்டுக்கு எதிரே கொஞ்சம் தள்ளி ஒரு பெட்டிக்கடை. பொட்டலம் அங்கிருந்துதான் வருகிறது என்று ஊருக்கே தெரியும். அதிகாரிகள் வந்தால் கடையில் கடலைமிட்டாய் தவிர ஒன்றும் இருக்காது. டீச்சர் சண்டைக்குப் போகவில்லை. சாயங்காலம் பள்ளி விட்டதும் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடை ஓரமாகப் போய் நின்றார். ஒன்றும் வாங்கவில்லை. மறுநாளும் நின்றார். ஒரு மாதம் போல நின்றார். பிள்ளைகள் யாரும் கடைப்பக்கம் திரும்பவில்லை.

கடைக்காரனுக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், பஸ் ஸ்டாப்பு அங்க இருக்குது."

"தெரியும்ங்க. இங்க நெழலு நல்லா இருக்குது."

"குடைதான் வெச்சிருக்கீங்களே!"

"குடை எனக்கு. நெழலு புள்ளைங்களுக்கு."

அவன் எரிச்சலில் தகரக் கதவை இழுத்துச் சாத்தினான். அடுத்த வாரம் கடையை இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய் வைத்தான். பிள்ளைகளும் இரண்டு தெரு தள்ளி நடந்தார்கள். டீச்சருக்கு அவ்வளவு தூரம் நடக்கக் கால் வரவில்லை.

பேரை ஏன் கேட்க மாட்டேன் என்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். சாப்பாட்டு நேரம். நின்றபடியே தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பேரு என் காதுல விழுந்தா நான் எழுதணும்கா. எழுதுனா காயிதம் மேல போவும். மேல போன காயிதம் திரும்பி வராது, புள்ளையும் திரும்பி வராது." கொஞ்சம் நிறுத்தி, "திட்டக்குடிப் பக்கம் இருந்தப்ப ஒரு பேரு எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு. அடுத்த வருஷம் பஸ் ஸ்டாண்டுல எனக்குக் கும்பிடு போட்டான். நிக்க முடியல அவனால. அப்பவும் டீச்சர்ன்னு கும்பிட்டான்" என்றார். மிச்சச் சோற்றை நாய்க்கு வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

சரி என்று நானும் இருந்தேன். அந்தப் பொண்ணைப் பார்க்கிற வரைக்கும்.

ஒன்பதாவது படித்தாள். எங்கள் தெருதான். அவள் அம்மா மதிலுக்கு அந்தப்பக்கம் பட்டறையில் அச்சிலிருந்து எடுத்த பீங்கானுக்கு ஓரப் பிசிறு தேய்க்கிறவள். நானும் ஒரு காலத்தில் அதே பட்டறையில் தேய்த்தவள்தான். அந்தப் பொண்ணு ஒரு செவ்வாய்க்கிழமை சந்துக்குள் வந்தாள், ஜாடி மூடியைத் தூக்கினாள், ஒரு பொட்டலத்தைப் போட்டாள், போனாள். நல்லது என்று நினைத்தேன். அடுத்த வாரமும் போட்டாள். அதற்கு அடுத்த வாரமும். நாலாவது வாரமும் அவள் மூடியைத் தூக்கியதும் துடைப்பத்தைக் கீழே போட்டேன்.

டீச்சரிடம் போனேன். "பேரு சொல்லல டீச்சர். ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஒருத்தி வாராவாரம் ஜாடியில போடறான்னா, வாராவாரம் வாங்கறான்னுதானே அர்த்தம்?"

டீச்சர் கையில் இருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். 

"போடணும்ன்னு தோணுதே அவளுக்கு" என்றார் மெதுவாக.

"வாங்கணும்ன்னும் தோணுதே!"

"பேர மட்டும் சொல்லாதீங்கக்கா."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்தப் பொம்பளைக்குப் பிள்ளையைவிடத் தன் காது பெரிசாகப் போய்விட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அந்தப் பொண்ணோட அம்மாவிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் அடுத்த நாளே படிப்பை நிறுத்திவிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்துப் பிசிறு தேய்க்கச் சொல்லிவிடுவாள். அந்தப் பட்டறைத் தூசி எனக்குத் தெரியும். இன்றைக்கும் இருமினால் அதுதான் வருகிறது.

ஒருநாள் மத்தியானம் சத்துணவு வரிசையில் அந்தப் பொண்ணு தட்டோடு குழாய்க்கு வந்து, சாம்பார் சோற்றைத் தண்ணீர் விட்டு அலசினாள். வெறும் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி மென்றாள். கண்ணில் தண்ணீர்.

"என்னாடி?" என்றேன்.

"காரம் பெரிம்மா."

சத்துணவு சாம்பாரில் காரம் எங்கே இருக்கிறது? அவள் கையைப் பிடித்தேன். பிடித்த கையை விடாமல் நேராகப் பெரிய டீச்சர் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கணக்கு வாத்தியார் அப்போதுதான் ஏதோ கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே போனார். டீச்சர் என்னையும் அவளையும் பார்த்ததும், "அக்கா..." என்று கையைத் தூக்கினார்.

"பேரு சொல்லல டீச்சர். நீங்கதானே சொன்னீங்க? பொருளைக் காட்டறேன்." அவள் பக்கம் திரும்பி, "வாயத் தொறடி" என்றேன்.

திறந்தாள். கீழ் உதட்டைக் கீழே இழுத்தேன். உள்பக்கம் முழுக்க வெந்து வெள்ளையாக இருந்தது, நடுவில் சிவப்பாக ஒரு குழி.

டீச்சர் எழுந்தார். அன்றைக்குச் செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முதல்நாள் என் முறத்தைப் பார்த்த மாதிரியே, அவசரமில்லாமல். பிறகு அவள் முகவாயைத் தொட்டு, "வாய மூடு கண்ணு" என்றார். என்னிடம், "இத்தினி நாளா நான் ஜாடியையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்கா" என்றார்.

ஷேர் ஆட்டோவில் மூன்று பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அந்தப் பொண்ணு கேட்டாள்.

"டி.சி. குடுப்பீங்களா டீச்சர்?"

"உன் பேரே எனக்குத் தெரியாது. யாருக்குன்னு எழுதிக் குடுக்கறது?"

தெரியாமலா இருக்கும்? ஒன்பதாவதுக்கு அவரேதான் அறிவியல் எடுத்தார்.

சீட்டுப் போடுகிற இடத்தில், "பேரு?" என்றான் உள்ளே இருந்தவன். டீச்சர் தன் பேரைச் சொன்னார். "வயசு?" "பதினாலு." அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் நரைத்த தலையைப் பார்த்தான். "எழுதுங்க தம்பி, பின்னால ஆளு நிக்குது" என்றார். எழுதினான்.

இப்போதே நிறுத்தினால் ஆறிவிடும் என்றார் டாக்டரம்மா. வாராவாரம் வந்து காட்டச் சொன்னார். வியாழக்கிழமை தோறும் மூன்றாவது பீரியடில் டீச்சரும் அந்தப் பொண்ணும் போவார்கள். போகும்போது டீச்சர் பொட்டலத்துக்குப் பதிலாகக் கிராம்பு ஒன்று வாயில் போட்டுக்கொள்ளக் கொடுப்பார். இரண்டு மாதத்தில் அவள் சாம்பாரை அலசுவதை நிறுத்தினாள். ஜாடியில் போடுவதையும் நிறுத்தினாள்.

அப்போதுதான் மேலதிகாரிகளுக்கு மொட்டைக் கடிதாசி போனது. பள்ளியில் போதை நடமாடுகிறது, தலைமையாசிரியை மூடி மறைக்கிறார், வாராவாரம் ஒரு மாணவியை எங்கேயோ கூட்டிப்போகிறார் என்று. யார் போட்டார்களோ. விசாரணைக்கு ஒருவர் வந்தார். சின்ன வயசு, மரியாதையான பேச்சு. டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்து விசாரித்தார். டீச்சர், கூட்டிப்போனது உண்மை, பேர் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தாழ்வாரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அடுத்தது நான். உள்ளே போகும்போது டீச்சர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். 

"நீங்க பாத்தீங்களாம்மா?" என்றார் அந்த அதிகாரி.

"பாத்தேங்க."

"பொண்ணு பேரு?"

நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க. பேரு தெரிஞ்சா, அந்தப் பொண்ணு மேல எடுக்க வேண்டிய நடவடிக்கைய எடுத்துட்டு, உங்க பெரிய டீச்சர இதோட விட்டுடலாம். இல்லன்னா எல்லாம் அவங்க தலையிலதான் விழும்."

ஒரு பேர். மூன்று எழுத்துப் பேர்தான். சொன்னால் வெளியே ஸ்டூலில் வீங்கின காலோடு உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து வந்து இந்த நாற்காலியில் உட்காரலாம். அந்தப் பொண்ணு மதிலுக்கு அந்தப் பக்கம் போய்த் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருவாள். நான் பொய் சொல்லி வளர்ந்தவள் இல்லை. என் வாயில் ஒரு பொய் உருண்டால் ஊரே கண்டுபிடித்துவிடும் என்பார் என் வீட்டுக்காரர்.

"தெரியாதுங்க" என்றேன். "நான் தற்குறி. புள்ளைங்க பேரெல்லாம் எனக்கு என்னாத்தத் தெரியும்? மூஞ்சிகூட ஞாபகமில்ல."

"சரி, அதையே எழுதித் தர்றேன். கையெழுத்துப் போடுங்க."

பேனாவை நீட்டினார். என் கை அதுபாட்டுக்குப் பாதி தூரம் போய்விட்டது. கையெழுத்துப் போடுகிறவள் பிள்ளைகள் பேர் தெரியாத தற்குறியா என்று அடுத்த கேள்வி வரும். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"கைநாட்டுதாங்க."

மேஜை மேலே வருகைப் பதிவேடு அன்றைய பக்கத்தில் விரித்தபடியே கிடந்தது. காலையில் நான் போட்ட கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாக. சாட்சிக்கு நின்ற கணக்கு வாத்தியார் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பெரிய டீச்சரோடு ஒருநாள்கூட ஒத்துப்போகாதவர். பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"மைப்பெட்டி கொண்டாறேன் சார்" என்றார்.

வெளியே வந்தபோது டீச்சர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் ஊதாவாக இருந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவிட்டுச் சாப்புடுங்கக்கா" என்றார்.

பத்து நாளில் அவரை எங்கேயோ தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். குடையை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறப் போகிற மாதிரி போய்விட்டார். அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. புதிதாக வந்த தலைமையாசிரியர் ஜாடியை அகற்றச் சொன்னார். என் வீட்டில் உப்பு போட்டு வைத்திருக்கிறேன்.

சொன்ன பொய் ஒருநாளோடு முடியவில்லை. மறுநாள் காலையில் வருகைப் பதிவேட்டில் நான் பேனாவை எடுக்க முடியாது. எடுத்தால் நான் கைநாட்டு வைத்த அந்தக் காகிதம் பொய்யாகும். கணக்கு வாத்தியார் தினமும் ஒன்றும் பேசாமல் மைப்பெட்டியைத் திறந்து வைப்பார். புதிதாக வந்த சின்ன வயசு டீச்சர்கள், "பாவம், ஆயாவுக்குக் கையெழுத்து போடத் தெரியாது, யாராச்சும் சொல்லிக் குடுங்க" என்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போவேன். கக்கூசுக்குப் பின்னால் சில்லுகளுக்கு நடுவில் அந்த மெத்து இருக்கத்தான் இருந்தது. அந்தப் பொண்ணுடையது இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவள் சிரித்தால் உதட்டைத்தான் முதலில் பார்ப்பேன். இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மூட்டு தேய்ந்து நான் வேலையை விட்ட கடைசி நாள், கணக்கு வாத்தியார் மைப்பெட்டியோடு தன் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இன்னிக்காச்சும் போடுங்கம்மா. யாரு வந்து கேக்கப் போறா?"

சன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்தப் பொண்ணு அப்போது பன்னிரண்டாவது. பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மைப்பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.